ஐந்து பேர் கல்யாணத்துக்குத் தனியாக ஒரு போட்டோகிராபர் தேவையா?

கேள்வி: நாலைந்து பேரை மட்டும் அழைத்துக்கொண்டு, மனதுக்குப் பிடித்த ஓர் இடத்துக்குப் போய்த் திருமணம் செய்துகொள்ள நினைக்கிறோம். இதற்கு போட்டோகிராபர் வேண்டுமா? எப்படித் தேர்ந்தெடுப்பது?

வேண்டும். நண்பன் கையில் கேமராவைக் கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். எங்கள் திருமணத்தில் எங்களையும் சேர்த்து ஐந்து பேர். அதில் ஒருவன் படம் எடுக்கப் போய்விட்டால் கல்யாணம் பார்க்க மிஞ்சுவது இரண்டே பேர்.

உடன்போக்கு என்று சங்கப் பாட்டில் படித்திருப்போமே, அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிய கதை இல்லை எங்களுடையது. பெற்றவர்களுக்குத் தெரியும், கூட்டம்தான் வேண்டாம் என்றோம்.

பெரிய கூட்டத்தில் போட்டோகிராபர் எங்கே நிற்கிறார் என்று யாரும் கவனிப்பதில்லை. ஐந்து பேர் இருக்கும் இடத்தில் அவர் ஆறாவது ஆள். நீங்கள் கண் கலங்கும்போது நாலடி தள்ளி நிற்பவர். அதனால் படத்தைவிட ஆளைப் பாருங்கள் என்பேன். நாங்கள் மூன்று பேரிடம் வீடியோ காலில் பேசினோம். மூவரில் மிக அழகாகப் படம் எடுப்பவர், எப்படி நிற்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கினார். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னொருவர் எடுத்த எடுப்பில், "வருகிறவர்களில் யாரைப் பார்த்தால் உங்களுக்கு அழுகை வரும்?" என்றார். சரி, இவர்தான் என்று முடிவாகிவிட்டது.

முடிவு செய்யும் முன் ஒரே திருமணத்தின் முழு ஆல்பத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பொறுக்கி எடுத்துப் போட்ட இருபது படம் யாருக்குமே நன்றாகத்தான் இருக்கும். உச்சிவெயிலிலும் வெளிச்சமில்லாத அறையிலும் முகங்கள் எப்படி வந்திருக்கின்றன என்று பார்த்தால் கைப்பழக்கம் தெரிந்துவிடும்.

அடுத்தது நேரம். சட்டப்படியான பதிவையும் உறுதிமொழி சொல்லும் நிகழ்ச்சியையும் ஒரே நாளில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தில் குறைந்தது 28 நாள் முன்னறிவிப்பு, இந்தியாவில் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் என்று விதி இடத்துக்கு இடம் மாறும். சாட்சிகளின் எண்ணிக்கையும் அப்படியே. நாங்கள் முன்கூட்டியே சாதாரண உடையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அதனால் விழா நேரத்தை வெளிச்சம் பார்த்து வைத்துக்கொள்ள முடிந்தது.

சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 6 பாகை உயரத்துக்குள் இருக்கும்போதுதான் அந்தப் பொன்னிற வெளிச்சம். பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறி இறங்குவதால் அது அரை மணி நேரம்கூட நிற்காது. துருவப் பக்கம் போகப் போக நீளும். கூட்டம் இருக்காது என்று நாங்கள் விடியற்காலையைத் தேர்ந்தெடுத்தோம். செயலி காட்டிய உதய நேரத்துக்கு எல்லோரும் தயார். சூரியனைக் காணோம்! செயலி சமமான அடிவானத்தை வைத்துக் கணக்குப் போடும், எங்களுக்குக் கிழக்கே ஒரு மலை. முக்கால் மணி நேரம் நிழலிலேயே நின்றோம். போட்டோகிராபர் அலட்டிக்கொள்ளவில்லை. "நிழல்தான் நல்லது, யாரும் கண்ணைச் சுருக்க மாட்டீர்கள்" என்றார். எங்களிடம் இருப்பதில் நல்ல படங்கள் அந்த முக்கால் மணி நேரத்தில் எடுத்தவைதான்.

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை மணி நேரம், பயணமும் தங்கும் செலவும் யாருடையது, அவருக்கு உடம்பு முடியாமல் போனால் பதிலுக்கு யார், மழை வந்தால் என்ன, படங்கள் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும். பூங்கா, கடற்கரை, பழைய கட்டிடம் என்றால் கேமராவுக்கு அனுமதி தேவைப்படலாம், ட்ரோன் என்றால் சொல்லவே வேண்டாம். அதை யார் வாங்குவது என்பதும் அதில் இருக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதியும் கேமராவா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பல நாடுகளில் படங்களின் பதிப்புரிமை எடுத்தவருக்கே போகும், அச்சிட்டு வைத்துக்கொள்ளும் உரிமைதான் நமக்கு. நாங்கள் வற்புறுத்திச் சேர்த்த ஒரே வரி, நாங்கள் உறவினர்களுக்குச் சொல்லும்வரை அவர் எங்கும் படம் போடக்கூடாது என்பது. பெரியப்பாவுக்கு நம் கல்யாணச் செய்தி இன்ஸ்டாகிராமில் கிடைத்தால் அப்புறம் ஆயுசுக்கும் பேச்சு வாங்க வேண்டியதுதான்.

நாலு மணி நேரம் தாராளம். எங்கள் உறுதிமொழி 12 நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ஒன்றைத்தான் கோட்டை விட்டோம். ஒரு கைப்பேசியை ஒலிப்பதிவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் நான் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவள் சிரித்துக்கொண்டே அழுகிறாள். என்ன சொன்னேன் என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை.