பேட்டரிக்கு ஆசிடா, தண்ணீரா?

அன்புள்ள ஐயா,

கரைசலில் மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள், என்று எழுதியிருந்தீர்கள். டிஸ்டில்டு வாட்டரில் அயனிகள் இல்லாத குறைதானே? ஆனால் இன்வெர்ட்டர் பேட்டரியில் மட்டம் இறங்கினால் மெக்கானிக் அதைத்தான் ஊற்றச் சொல்கிறார். ஆசிட் ஊற்றினால் இன்னும் நன்றாகக் கடத்தாதா?

கே., கும்பகோணம்

அன்புள்ள கே.,

மெக்கானிக் சொல்வதையே கேளுங்கள். பேட்டரியில் குறைவது தண்ணீர். சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகிறது, வெயிலில் கொஞ்சம் ஆவியாகிறது. ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. மேலும் ஊற்றினால் தகடுகள் அரித்துப்போகும்.

சரி, கடத்தலாவது கூடுமா? ஓரளவு வரைதான். பேட்டரியில் இருப்பது நீர்த்த கந்தக அமிலம். அதில் ஆசிட் சேர்க்கச் சேர்க்கக் கடத்துதிறன் ஏறும். எடையில் சுமார் 30 சதவீதத்தில் உச்சம், பிறகு இறங்குமுகம். 98 சதவீத ஆசிட் அந்த உச்சத்தில் கால் பங்குகூடக் கடத்தாது. அயனியாகப் பிரியத் தண்ணீர் வேண்டுமே, அது போதவில்லை. பிரிந்தவையும் அந்தக் கெட்டித் திரவத்தில் நகரத் திணறுகின்றன, எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.25 காட்டினால் அது ஏறக்குறைய 34 சதவீத ஆசிட். உச்சத்தை ஒட்டித்தான் பேட்டரிக்காரர்கள் வைத்திருக்கிறார்கள்.

எந்த அயனி என்பதும் முக்கியம். லித்தியம் பொட்டாசியத்தைவிடச் சிறியது, ஆனால் தண்ணீரில் அதன் வேகம் பாதிதான். சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றி, அவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஹைட்ரஜன் அயனியோ தனி ரகம்: பொட்டாசியத்தைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வேகம். அது நீந்திப் போவதில்லை. சித்தாள்கள் வரிசையில் நின்று சிமென்ட் சட்டியைக் கைமாற்றுவதுபோல ஒரு நீர் மூலக்கூறு அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது. இதன் ஆரம்ப வடிவத்தை வேதியியலாளர் குரோட்டஸ் 1806இலேயே சொல்லிவிட்டார். அயனி என்ற பெயரே அப்போது புழக்கத்தில் இல்லை!

அப்புறம் வெப்பம். சாதாரண உப்புக் கரைசலில் ஒரு டிகிரி கூடினால் கடத்தல் சுமார் 2 சதவீதம் கூடும். வீட்டில் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் பாருங்கள், அது அளப்பதும் கடத்தலைத்தான். தண்ணீரில் சர்க்கரை கரைத்தால் எண் ஏறாது. சர்க்கரை அயனியாகப் பிரிவதில்லை. வினிகர் பிரியும், ஆனால் நூறில் ஒரு மூலக்கூறுகூடத் தேறாது.

தண்ணீர் ஊற்றும்போது மிதவைக் குறியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டம் சற்று உயரும், வழிய ஊற்றினால் ஆசிட் தரையில் நிற்கும்.