எல்லாம் பிடிஎஃப்பில் கிடைக்கும்போது கன்னிமாரா நூலகத்துக்கு யார் போகிறார்கள்? அது எப்படி வளர்ந்தது?

நான் போகிறேன். எழும்பூர் மியூசியம் பக்கம் போனபோது போர்டைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது.

ஆரம்பம் சாதாரணம்தான். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைப் பழக்கிய ஹெய்லிபரி கல்லூரியை இங்கிலாந்தில் மூடியதும், மிஞ்சிய புத்தகங்களில் கொஞ்சம் 1861-ல் மெட்ராசுக்கு வந்தன. மியூசியத்தில் வைத்தார்கள். தனிக் கட்டடத்துக்கு 1890-ல் அடிக்கல் நாட்டிய கவர்னர் கன்னிமாரா, 1896-ல் அது திறந்தபோது பதவியில் இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1950-ல் மாநில மைய நூலகம் ஆனது.

ஆனால் அது இவ்வளவு பெருத்ததற்கு முக்கியக் காரணம் 1954-ல் வந்த சட்டம். இந்தியாவில் புத்தகம் போடுகிறவர் நான்கு நூலகங்களுக்குத் தம் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். நான்கில் ஒன்று கன்னிமாரா. எல்லாரும் ஒழுங்காக அனுப்புகிறார்களா என்று சண்டைக்கு வராதீர்கள், இல்லைதான்.

என் மாமனார் வாழை சாகுபடி பற்றி ஒரு புத்தகம் எழுதியதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை. கரையான் தின்றுவிட்டதாம். மைத்துனர்கள் கண்ணடித்துச் சிரிப்பார்கள். வேறு வேலையாக கன்னிமாராவுக்குப் போனவன் சும்மா அவர் பெயரையும் தேடினேன். இருந்தது! சீட்டு எழுதிக் கொடுத்ததும் எடுத்து வந்தார்கள். அட்டையில் கோட்டோவியமாக ஒரு வாழைத்தார், விலை இரண்டரை ரூபாய், உள்ளே நூலக முத்திரை. நடுவில் இரண்டு பக்கங்கள் ஓரம் வெட்டாமல் ஒட்டியே இருந்தன. அதுவரை ஒருவரும் படிக்கவில்லை என்று அர்த்தம். அதை மட்டும் மாமனாரிடம் சொல்லவில்லை. சரி, இந்தப் புத்தகத்தின் பிடிஎஃப்பை எந்தத் தளத்தில் தேடுவீர்கள்?

கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இதைவிட வசதி என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், அங்கேயும் போவேன். பழசுதான் உயர்வு என்று நான் சொல்லவில்லை.

அப்புறம் ஒன்று. சொத்து வரி ரசீதில் நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அதைச் சொல்லித்தான் எங்கள் அடுக்ககச் சங்கத்தில் ஒரு புத்தக அலமாரி கேட்டேன். 'இடமில்லை சார்' என்றார் செயலாளர். அடுத்த மாதமே அதே இடத்தில் செருப்பு ஸ்டாண்ட் வந்துவிட்டது, அதுவும் இரண்டு.