மூன்று பெட்டியும் முப்பது கவலையும்: வாசகர் கேள்வி பதில்

அக்கா, எனக்குத் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். நர்ஸிங் முடித்து நாலு வருஷம் ஆகிறது. எங்கள் பங்குக் கோவிலிலிருந்து ஆறு பேர், வருகிற ஆகஸ்டில் வடக்கு உகாண்டாவில் லிரா நகருக்கு வெளியே ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஐந்து வாரம் சேவைக்குப் போகிறோம். நான் விமானத்தில் ஏறுவதே முதல் தடவை. வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்லி மூன்று பெட்டி நிரம்பிவிட்டது, இன்னும் பாதிச் சாமான் கட்டிலில் கிடக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது?

கட்டிலில் கிடப்பது கிடக்கட்டும். முதலில் ஊசி போட்டாச்சா? உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்த மஞ்சள் அட்டை செல்லுபடியாகும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். அரசு அனுமதித்த மையங்களில் மட்டும்தான், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும், 2016 ஜூலையிலிருந்து அப்படித்தான் விதி. அட்டையைத் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்தால் நம் நாட்டு விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனியே உட்கார வைத்துவிடுவார்கள். (நான் இந்த ஊசி போடப் போகிறேன் என்றதும் என் அம்மா, ‘காமாலைக்குத்தான் கீழாநெல்லி கொடுத்தேனே’ என்றார். அது வேறு, இது வேறு. இது கொசு கொண்டுவருகிற வைரஸ்.)

அடுத்தது மலேரியா. நர்ஸுக்கு நான் பாடம் நடத்தக் கூடாதுதான், ஆனால் நம் பக்கத்து ஆட்களுக்கு மலேரியா என்றால் குளிர்க்காய்ச்சல், மாத்திரை போட்டால் போய்விடும் என்று ஒரு அலட்சியம் உண்டு. அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம், மூளை வரைக்கும் போகிற ரகம். தடுப்பு மாத்திரை எது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், நீங்கள் எண்ணிக்கையைச் சரியாகப் போடுங்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பி வந்தபின் நாலு வாரமும், அடோவாகோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாளும் தொடர வேண்டும், அதற்கும் சேர்த்து இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் வந்து சேர்ந்த சந்தோஷத்தில் நிறுத்திவிட்டுப் படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மருந்து தடவிய கொசுவலை எல்லோரும் எடுத்துப் போவார்கள், அதைக் கட்ட நாலு முழம் கயிறு எடுத்துப் போக மாட்டார்கள். சுவரில் ஆணி இருக்காது. நான் என் துப்பட்டாவைக் கிழித்துத்தான் கட்டினேன். கொஞ்சம் நைலான் கயிறு, ஒரு அட்டை ஊக்கு, நாலு ஆணி. இதற்கு எடையே இல்லை.

இப்போது கைப்பை. முதல் பயணத்தில் நான் போய்ச் சேர்ந்து நாலாம் நாள்தான் என் பெட்டி வந்தது. போட்டிருந்த சுடிதாரையே ராத்திரி அலசிக் காலையில் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு அலைந்தேன். அதனால் பாஸ்போர்ட், விசா தாள், மஞ்சள் அட்டை, பணம் இவற்றோடு, உங்கள் சொந்த மாத்திரைகள் (பட்டையிலிருந்து பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு), இரண்டு செட் துணி, நாப்கின், கண்ணாடி, செல்போன் சார்ஜர் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போட விடமாட்டார்கள், அதுவும் கையோடுதான். கத்தரிக்கோலும் ஊறுகாய் பாட்டிலும் பெரிய பெட்டிக்கு.

அந்த ஈரத்துணி விஷயத்தில் ஒரு வம்பு இருக்கிறது. அங்கே ஒரு ஈ, மாம்பழ ஈ என்பார்கள், கொடியில் காய்கிற ஈரத்துணியில் முட்டை வைக்கும். போட்டுக்கொண்டால் புழு தோலுக்குள் போய்க் கட்டியாகிவிடும். சூடாக இஸ்திரி போட்டால் முட்டை செத்துவிடும், அதனால்தான் அங்கே உள்ளாடைக்குக்கூட இஸ்திரி போடுகிறார்கள். நம் தெருமுனையில் இருக்குமே கரிப்பெட்டி, அதே பெட்டிதான். ஆகவே ஜரிகை, நைலான், இஸ்திரிச் சூடு தாங்காத எதையும் எடுக்காதீர்கள். பருத்திதான். கணுக்கால் வரை பாவாடை அல்லது தொளதொள சுடிதார் நாலு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரு கண்டாங்கிச் சேலை. அந்தச் சேலையைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றுகிற கிடெங்கேத் துணியையும் நம் கண்டாங்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கட்டத்தையும் கரையையும் தொட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அங்கே முதல் சிநேகிதி கிடைத்தது அப்படித்தான்.

ஓரியூர் உங்களுக்குப் பக்கம்தான், செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு வந்திருப்பீர்கள். போர்த்துக்கல் ராஜகுமாரனோடு வளர்ந்த ஒரு பிள்ளை இங்கே வந்து காவி கட்டி, கறியை விட்டு, அருளானந்தர் என்று பெயரையும் மாற்றிக்கொண்டு, 1693-ல் ஓரியூரில் வெட்டுப்பட்டுச் செத்தார். அவர் நம்மூருக்கு வந்த மாதிரிதான் நீங்கள் அவர்கள் ஊருக்குப் போகிறீர்கள். ஜீன்ஸ் வேண்டுமா என்று கேட்டீர்களானால், அது ஊர் வந்தபின் போட்டுக்கொள்ளலாம்.

செருப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நமக்கு வெறுங்காலோடு நடப்பது சர்வசாதாரணம். அங்கே மண்ணில் ஒரு வகைத் தெள்ளுப்பூச்சி கால்விரல் நகக்கண்ணில் புகுந்துகொள்ளும். மூடிய ஷூ ஒன்று, குளிக்கப் போக ரப்பர் செருப்பு ஒன்று. இன்னொன்று, கண்மாயைக் கண்டால் காலை நனைக்கிற பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். அங்கே ஏரி, ஓடை நீரில் இருக்கும் நத்தையிலிருந்து வருகிற ஒரு புழு தோல் வழியே உள்ளே போகும். பில்ஹார்சியா என்று படித்திருப்பீர்கள்.

ஆஸ்பத்திரி வேலைக்கு உங்கள் ஸ்டெதாஸ்கோப், ஒரு பெட்டி கையுறை போதும். ஹெபடைடிஸ் பி மூன்று டோஸும் முடிந்திருக்கிறதா பாருங்கள். கையில் ஊசி குத்திவிட்டால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், அது அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டிய கேள்வியே இல்லை. கூடவே, அந்த நாட்டு நர்ஸிங் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு யார் எடுத்துத் தருவார்கள் என்றும் கேளுங்கள். சாம்பிள் மாத்திரைகளை மூட்டை கட்டிப் போகாதீர்கள், அனுமதி இல்லாமல் மருந்து கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே சிக்கல். அங்கே மருந்துக் கடையில் நீங்கள் பார்க்கிற அட்டைகளில் பாதி நம் நாட்டில் செய்ததாகத்தான் இருக்கும்.

மற்றதெல்லாம் சில்லறை. ஒரு பிளாஸ்டிக் மக் (சிரிக்காதீர்கள், முதல் நாள் காலையில் என்னை நினைத்துக்கொள்வீர்கள்), தலையில் மாட்டுகிற டார்ச், குடை, ஒரு ஸ்வெட்டர். ஸ்வெட்டரா என்று வீட்டில் கேட்பார்கள். பூமத்திய ரேகை அந்த நாட்டுக்குள்ளே ஓடுகிறது, சரி, ஆனால் நிலம் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்டில் வடக்கே மழை வேறு. விடியற்காலையில் கொடைக்கானல் அளவுக்கு இல்லாவிட்டாலும் போர்வை தேடும்.

ஒரு பெட்டி போதும். மீதி இரண்டையும் பரணில் ஏற்றிவிடுங்கள்.

என் மகன் கண் பரிசோதனைக் குழுவோடு ஒரு மாதம் உகாண்டா கிராமத்துக்குப் போகிறான். களியைத்தான் தின்ன வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சீப்புச்சீடை, தேன்குழல், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எல்லாம் கட்டிக் கொடுக்கலாமா? (காரைக்குடி வாசகி)

ஆச்சி, கட்டிக் கொடுங்கள், ஆனால் அளவாக. கொண்டுவிற்கப் போனவர்களுக்குப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் டின் டின்னாகக் கட்டிக் கொடுத்த கை, சொன்னால் கேட்காது என்று எனக்குத் தெரியும். கப்பலில் எடை பார்த்திருக்க மாட்டார்கள், விமானத்தில் கிலோவுக்குக் காசு.

களி என்று சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வடக்குப் பக்கம் ‘குவான் கால்’ என்று சிறுதானியக் களி கிண்டுவார்கள். நம் கேழ்வரகுக் களியும் அதுவும் அக்கா தங்கை. சொல்லப்போனால் கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து நமக்கு வந்த தானியம்தான், ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால். தொட்டுக்கொள்ள எள்ளும் நிலக்கடலையும் அரைத்துப் போட்ட கீரை. தெற்கே போனால் வேகவைத்து மசித்த வாழைக்காய், மக்காச்சோள மாவில் போஷோ, கூடவே அவரை விதைக் குழம்பு. சோறும் கிடைக்கும். ரோட்டோரத்தில் சப்பாத்திக்குள் முட்டையை வைத்துச் சுருட்டித் தருவார்கள், அதன் பெயர் ‘ரோலெக்ஸ்’. சப்பாத்தி நம் நாட்டு ஆட்கள் கொண்டுபோனது, சுருட்டியது அவர்கள். உங்கள் மகன் பட்டினி கிடக்க மாட்டான்.

பருப்புப்பொடி கால் கிலோ, இட்லிப்பொடி கால் கிலோ, உப்பில் காய்ந்த நார்த்தங்காய் கொஞ்சம். புளிக்காய்ச்சல் வேண்டாம், எண்ணெய் கசிந்தால் மாதம் முழுக்கச் சட்டையில் புளிவாசம்தான். அதற்கு நானே சாட்சி. தேன்குழல் நொறுங்கிப் பொடியாகிவிடும், சீப்புச்சீடை தாங்கும். அதை மட்டும் கூடுதலாகவே வையுங்கள், ஆஸ்பத்திரி ஊழியர்களோடு பகிர்ந்து தின்ன. கறி, கருவாடு எதுவும் வேண்டாம்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், பள்ளத்தூர். எங்கள் தெருவிலிருந்து இப்படிப் போகிற குழுவிடம் கொடுத்தனுப்ப மூன்று மூட்டைப் பழைய துணியும், நிறைய மிட்டாயும், நோட்டுப் புத்தகமும் சேர்த்திருக்கிறோம். வாங்கிக்கொள்ளத் தயங்குகிறார்கள். ஏன்?

ஐயா, வணக்கம். தயங்குவதுதான் சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பழைய துணி அங்கே மலைபோல் குவிந்து கிடக்கிறது. ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. அதற்கு ‘மிவும்பா’ என்று தனிப் பெயர், தனிச் சந்தை. அதனால் உள்ளூர்த் தையல்காரர் பிழைப்புக்குத்தான் அடி. அந்தத் தையலுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம்கூட உண்டு, உகாண்டாப் பெண்கள் விசேஷத்துக்கு உடுத்துகிற ‘கோமெசி’ என்ற ஆடைக்கு அந்தப் பெயர் கோவாவிலிருந்து போன கோமஸ் என்கிற தையல்காரரால் வந்தது. மூன்று மூட்டைக்கு விமானத்தில் கட்டுகிற கூடுதல் எடைக் காசைக் குழுவிடம் பணமாகக் கொடுத்தால், அந்த ஊர்த் தையல்காரரிடமே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துவிடலாம். நோட்டுப் புத்தகமும் அங்கே கடையில் கிடைக்கிறது.

மிட்டாய் பற்றி எனக்குக் கொஞ்சம் காட்டமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கி மிட்டாயை வீசி, ஓடிவரும் பிள்ளைகளைப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செட்டிநாட்டு வீடு பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர் நம் தெருப் பிள்ளைகளிடம் அப்படிச் செய்தால் நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பீர்களா? கொடுத்தே ஆக வேண்டும் என்றால் காற்று இறக்கிய கால்பந்து நாலு, ஒரு பம்ப், இரண்டு உபரி ஊசி. அதையும் தலைமை ஆசிரியர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

அக்கா, மிலிட்டரி டிசைன் கார்கோ பேன்ட் இரண்டு வாங்கிவிட்டேன், நிறைய பாக்கெட் இருக்கு. ஓகேவா? (கானாடுகாத்தான்)

வேண்டாம் தம்பி. உகாண்டாவில் ராணுவ உடை மாதிரியான துணி பொதுமக்களுக்குச் சட்டப்படி தடை. கடையில் மாற்றிக் காக்கியோ பழுப்போ வாங்குங்கள்.

பணமும் மின்சாரமும் எப்படி? (தேவகோட்டை வாசகியே இன்னொரு கடிதத்தில்)

டாலர் புது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். பழைய வருஷத்து நோட்டு, மடிப்பில் கிழிந்தது, பேனாக் கிறுக்கல் பட்டது, இதையெல்லாம் அங்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நூறு டாலர் நோட்டுக்குச் சில்லறை நோட்டைவிட நல்ல விலை கிடைக்கும். பிளக் நம்முடையது பொருந்தாது, மூன்று தட்டைக் கால் உள்ளது வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பது அதேதான், ஆகவே கடைக்கு ஓட வேண்டாம். நம் பக்கத்தில் எந்த வீட்டு மேஜை டிராயரைத் திறந்தாலும் ஒன்று கிடக்கும். கரண்ட் போய்ப் போய் வரும், கிடைக்கும்போது சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது என்ன கொண்டு வரலாம்? (அதே குழுவில் ஒருவர்)

கிடெங்கேத் துணி இரண்டு கஜம், காப்பித்தூள். யானைத் தந்தம், விலங்குத் தோல், தோல் மேளம் பக்கமே போகாதீர்கள். அப்புறம், வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்று படுத்தால் வாசலில் நுழையும்போதே டாக்டரிடம் ‘நான் ஆப்பிரிக்கா போய் வந்தேன், மலேரியா பாருங்கள்’ என்று சொல்லுங்கள், நீங்கள் சொல்லாவிட்டால் டெங்கு டெஸ்ட் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். பெட்டியை அறைக்குள் கொண்டுபோகாமல் வளவு முற்றத்தில் வெயிலில் திறந்து போட்டுவிட்டு, துணியை எல்லாம் ஒருதரம் வெந்நீரில் அலசிவிடுங்கள்.