ரத்தத்தில் என்சைம் கூடினால் மூளையில் கட்டியா? – கேள்வி பதில்

மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உயிர்வேதியியல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வைத்தியம் சொல்ல நான் டாக்டர் இல்லை. ரிப்போர்ட்டில் இருக்கும் எண் எங்கிருந்து வருகிறது, அதை எதுவரை நம்பலாம் என்று சொல்வேன். மூளைக் கட்டி பற்றி வந்த கேள்விகளை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

மேலூரிலிருந்து: அக்கா, தம்பிக்கு மாஸ்டர் செக்கப் எடுத்தோம். எல்டிஹெச் 410 என்று வந்திருக்கிறது. அடிக்கடி தலைவலி என்றும் சொல்கிறான். நெட்டில் தேடினால் மூளைக் கட்டி என்று வருகிறது. தூக்கமே இல்லை.

முதலில் தூங்குங்கள். எல்டிஹெச் என்கிற லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்லிலும் இருக்கிறது. ஈரல், தசை, இதயம், சிவப்பணு என்று எங்கே செல் உடைந்தாலும் ரத்தத்தில் ஏறும். எங்கேயோ உடைந்திருக்கிறது என்று சொல்லுமே தவிர, எங்கே என்று சொல்லாது.

இன்னொன்று, உடம்புக்குள் எதுவுமே உடையாமலும் இந்த எண் ஏறும். மேலூரில் காலையில் எடுத்த ரத்தம், சீரம் (செல்களை நீக்கியபின் மேலே நிற்கும் தெளிந்த நீர்) பிரிக்காமலேயே பைக் பெட்டியில் குலுங்கிக்கொண்டு மதியம் மதுரைக்கு வந்தால், டியூபுக்குள்ளேயே சிவப்பணு உடைந்துவிடும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். சீரம் வெளிறிய மஞ்சளாக இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய நன்னாரி சர்பத் நிறத்தில் இருந்தால் அந்த எல்டிஹெச்சை நம்பக் கூடாது. நல்ல கூடம் என்றால் ரிப்போர்ட்டிலேயே அதைக் குறிப்பிடும், அல்லது மறுபடி ரத்தம் கேட்கும்.

கூடத்துக்கே நேரில் போய் ஒருமுறை ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் கூடுதலாக இருந்தால் டாக்டர் ஈரல், தசை, ரத்தசோகை என்று வரிசையாகப் பார்ப்பார். பி12 குறைந்தால்கூட எல்டிஹெச் நன்றாகவே ஏறும். தலைவலி தனிக் கணக்கு, அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

திருமங்கலம், கல்லூரி மாணவர்: மேடம், புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றித் தள்ளும் என்று வார்பர்க் சொன்னதாகப் படித்தோம். அப்படியானால் மூளைக் கட்டியில் எல்டிஹெச் கூடத்தானே வேண்டும்?

நல்ல கேள்வி தம்பி. ஜெர்மன் உயிர்வேதியியல் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களில் கண்டது சரிதான். கட்டிக்குள் எல்டிஹெச் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் அது கை நரம்பில் குத்தும் ஊசி வரை வந்து சேர வேண்டுமே. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. கிளியோபிளாஸ்டோமா மாதிரி முரட்டுக் கட்டியில் அந்தத் தடுப்பு ஓட்டையாகிவிடும் (ஸ்கேனில் மருந்து ஏற்றினால் கட்டி பளிச்சென்று தெரிவது அதனால்தான்). இருந்தாலும் கட்டி சில பத்து கிராம், ஈரலோ ஒன்றரை கிலோ, தசை அதைவிடப் பல மடங்கு. அவை அன்றாடம் கசியவிடும் அளவிலேயே கட்டியின் பங்கு கரைந்துபோகும்.

ஒரு விதிவிலக்கு, மூளையிலேயே தொடங்கும் லிம்ஃபோமா என்ற நிணநீர் செல் புற்று. அதன் தீவிரத்தைக் கணிக்க டாக்டர்கள் பார்க்கும் ஐந்து விஷயங்களில் ரத்த எல்டிஹெச் ஒன்று. மற்றவை வயது, நடமாடும் திறன், தண்டுவட நீரில் புரதம், மூளையின் ஆழப் பகுதியில் பாதிப்பு. ஆனால் அதுவும் பயாப்சியில் (கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) நோய் உறுதியான பிறகுதான்.

உசிலம்பட்டியிலிருந்து: அப்பா மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். சிபிகே 900. மூளையிலும் சிபிகே உண்டாமே?

உண்டு. சிபிகே என்கிற கிரியாட்டின் பாஸ்போகைனேஸ் என்சைமின் மூன்று வகையில் பிபி என்பது மூளை வகை. ஆனால் சாதாரண டெஸ்டில் வருவது மூன்றின் கூட்டுத்தொகை, அதில் ஏறக்குறைய எல்லாமே தசையிலிருந்து வரும் எம்எம். மூட்டை தூக்குபவருக்கு 900 வருவதில் ஆச்சரியம் இல்லை. ஜல்லிக்கட்டு முடிந்த மறுநாள் அலங்காநல்லூரில் மாடு பிடித்த பையன்களுக்கு எடுத்துப் பாருங்கள், அதைத் தாண்டும்! கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறார் என்றாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து: அப்படியென்றால் மூளைக் கட்டிக்கு ரத்த டெஸ்ட்டே கிடையாதா மேடம்?

சில கட்டிகளுக்கு உண்டு, ஆனால் அவை என்சைம் டெஸ்ட் இல்லை. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் மூளையின் நடுப்பகுதியில், பீனியல் சுரப்பியை ஒட்டி, கருசெல் (ஜெர்ம் செல்) கட்டிகள் வரும். அவற்றில் சில ஏஎஃப்பி என்ற புரதத்தையோ, பீட்டா எச்சிஜி என்ற ஹார்மோனையோ, இரண்டையுமோ சுரக்கும். ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் இவை தெளிவாக உயர்ந்திருந்தால், அந்த ஆழத்தில் ஊசி விட்டு பயாப்சி எடுக்காமலேயே சிகிச்சை தொடங்குவதுண்டு.

அப்புறம் புரோலாக்டின், பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். பெண்ணுக்கு மாதவிலக்கு நின்று, குழந்தை இல்லாமலே பால் கசிந்து, தலைவலியும் இருந்தால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டியைச் சந்தேகிப்பார்கள். புரோலாக்டின் 200-க்கு மேல் (நானோகிராம்/மி.லி. கணக்கில்) வந்தால் சந்தேகம் வலுக்கும். இதில் நல்ல செய்தி, பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையிலேயே கட்டி சுருங்கிவிடும். ஆனால் வாந்திக்கு நாம் சர்வசாதாரணமாக வாங்கிப் போடும் டோம்பெரிடோனும் புரோலாக்டினை ஏற்றும். ரத்தம் கொடுக்கும்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒத்தக்கடையிலிருந்து: அண்ணனுக்கு கட்டி எடுத்தாயிற்று. பயாப்சியில் 'ஐடிஹெச் மியூட்டன்ட்' என்று இருக்கிறது. இதுவும் என்சைம்தானே? இனி ரத்தத்தில் பார்த்துக்கொள்ளலாமா?

என்சைம்தான், முழுப் பெயர் ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ். மியூட்டன்ட் என்றால் மாற்றம் அடைந்தது. அதன் ஐடிஹெச்1 வகையில் 132-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிப்போனால், அது 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற வேண்டாத பொருளைச் செய்ய ஆரம்பிக்கும். மூளைக் கட்டியில் இந்த மாற்றத்தை 2008-இல் கண்டார்கள். இன்று கட்டிக்குப் பெயர் வைப்பதே இதை வைத்துத்தான். இந்த மாற்றம் உள்ள கட்டிகள், இல்லாதவற்றைவிடப் பொதுவாக மெதுவாக வளரும். 2024-இல் அமெரிக்காவில் இதற்கென வோராசிடெனிப் என்ற மாத்திரைக்கே அனுமதி கிடைத்தது. ஆனால் இந்த என்சைமை எடுத்த கட்டியில்தான் பார்க்க வேண்டும். ரத்தப் புற்றில் அந்தப் பொருள் ரத்தத்தில் நன்றாகத் தெரியும், மூளைக் கட்டியில் நம்பும்படி தெரியாது. மறுபரிசோதனைக்கு எம்ஆர்ஐதான். பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டு) மருத்துவமனையில் கேட்டு வாங்கி பத்திரமாக வையுங்கள், பின்னால் கேட்பார்கள்.

திருப்புவனத்திலிருந்து: வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறேன். ஜிஜிடி 180. இதுவும் கட்டியாலா?

அந்த மாத்திரையே ஜிஜிடி என்கிற ஈரல் என்சைமை ஏற்றும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

அண்ணா நகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: 'மூளைக் கட்டி ஸ்க்ரீனிங்' என்று ரத்த டெஸ்ட் பேக்கேஜ் விற்கிறார்கள். எடுக்கலாமா அம்மா?

நீங்கள் ஆசிரியர், கணக்காகவே சொல்கிறேன் ஐயா. லட்சம் பேரில் பத்துப் பேருக்குக் கட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் அந்தப் பத்துப் பேரையும் பிடித்துவிடுகிறது, கட்டி இல்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரை மட்டும் தவறாகக் காட்டுகிறது. கேட்க நல்ல டெஸ்ட்தான். ஆனால் ஐயாயிரம் பேர் சும்மா பயந்து ஸ்கேனுக்கு ஓடுவார்கள், அவர்களுக்குள் அந்தப் பத்துப் பேரும் இருப்பார்கள். இப்போது கடையில் கிடைக்கும் என்சைம் டெஸ்ட் எதுவும் அந்த அளவுக்குக்கூட வராது. காசை வேறு எதற்காவது வையுங்கள்.

மறுபடி மேலூர்: அப்போ தம்பியின் தலைவலிக்கு என்ன செய்ய?

கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கும்போது நரம்பு முனை வீங்கியிருந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்று தெரியும். நம் ஊரில் கண் மருத்துவத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது சரியாக இருந்தாலும் கட்டியே இல்லை என்று ஆகிவிடாது. விடிகாலைத் தலைவலியோடு வாந்தி, முதல்முறையாக வலிப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிவது – இதில் ஒன்று இருந்தாலும் ரத்த டெஸ்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஸ்கேனில் புள்ளி தெரிந்தாலும் உடனே புற்று என்று முடிவு கட்ட வேண்டாம், நம் நாட்டில் நாடாப்புழுவின் இளம்புழு நீர்க்கட்டியும் டிபி கட்டியும் அதே மாதிரி தெரியும், இரண்டுக்கும் மருந்து உண்டு. போகும்போது ரிப்போர்ட் தாளோடு ஸ்கேன் ஃபிலிமையும் சிடியையும் எடுத்துப் போங்கள்.