ஏரியில் நுண்ணுயிரிகள் கனிமங்களை எப்படி உருவாக்குகின்றன?

கண்ணுக்கே தெரியாத உயிர் கல்லை உண்டாக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டாக்கும், பெரும்பாலும் அது பக்கவிளைவுதான்.

சயனோபாக்டீரியா என்ற நீலப்பச்சை நுண்ணுயிரி ஒளிச்சேர்க்கைக்காக நீரிலிருந்து கரியமில வாயுவை இழுக்க இழுக்க, அதைச் சுற்றியுள்ள நீரின் காரத்தன்மை ஏறுகிறது. நீரில் கரைந்திருந்த கால்சியம், அங்கேயுள்ள கார்பனேட்டோடு சேர்ந்து கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமமாகப் படிகிறது. கோடையில் சில ஏரிகள் பால் கலந்ததுபோல் வெளுப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

அப்புறம் அந்தக் கொழகொழப்பு. செல்லைச் சுற்றியுள்ள பசை முதலில் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேறு பாக்டீரியாக்கள் அந்தப் பசையைத் தின்று சிதைக்கும்போது கால்சியம் விடுபட்டு, கார்பனேட்டாகப் படியும். இப்படி அடுக்கடுக்காக வளர்ந்தவைதான் ஸ்ட்ரோமட்டோலைட் பாறைகள்.

எனக்கு வியப்பு மெக்சிகோவின் அல்சிசிகா ஏரிப் பாறைகளில் கிடைத்த ஒரு சயனோபாக்டீரியா இனம்: கார்பனேட் மணிகளைச் செல்லுக்குள்ளேயே செய்கிறது!

ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் கதை வேறு. அங்கே ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியா விடும் சல்பைடு, இரும்போடு சேர்ந்து கடைசியில் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் ஆகும்.