படிக்க நினைத்த நூல்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

படிக்க வேண்டும் என்று தோன்றும் நூல்களைப் பல வருடங்களாகக் குறித்து வைக்கிறேன். கைபேசியில் ஸ்கிரீன்ஷாட், எனக்கு நானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்தி, பழைய டைரி என்று எங்கெங்கோ கிடந்தவற்றைப் போன வாரம் ஒரே நோட்டில் எழுதினேன். 400 தலைப்புகளுக்கு மேல் வந்தது. பாதியை எதற்காகக் குறித்தேன் என்றே நினைவில்லை. பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. இதற்கு நல்ல செயலி ஏதும் உண்டா? இல்லை, பட்டியல் போடுவதையே விட்டுவிடலாமா?

க., தருமபுரி

அன்புள்ள க.,

விட்டுவிடாதீர்கள். 400 என்பது பெரிய எண்ணிக்கையே இல்லை. எதற்காகக் குறித்தேன் என்று நினைவில்லை என்கிறீர்களே, அதுதான் சரிசெய்ய வேண்டிய இடம்.

தலைப்பை எழுதும்போதே பக்கத்தில் காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துக்கொள்வோம். 1736இல் தொடங்கி 1761இல் அவர் இறக்கும்வரை நீளும் பதிவு, பல தொகுதிகள். வெறும் பெயராக நோட்டில் இருந்தால் அது ஒவ்வொரு முறையும் உங்களைப் பயமுறுத்தும். ‘டூப்ளே காலத்துப் புதுச்சேரியில் வியாபாரம் எப்படி நடந்தது?’ என்று பக்கத்தில் எழுதியிருந்தால், நூலகத்தில் எந்தத் தொகுதியைக் கேட்பது என்பது தெளிவாகிவிடும். முழுவதும் படித்தாக வேண்டும் என்ற பாரமும் இல்லை. ‘வாசகரின் நேரத்தைக் காப்பாற்று’ என்பதை நூலகவியலின் நான்காம் விதியாக 1931இல் எழுதினார் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலகருக்குச் சொன்ன விதிதான், ஆனாலும் நோட்டுப் போடும் நமக்கும் பொருந்தும்.

காரணம் யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதையும் குறியுங்கள். ரசனை ஒத்துப்போகும் நண்பர் சொன்னதற்கும், முகநூலில் எல்லோரும் பகிர்ந்ததால் குறித்ததற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஆறு மாதம் கழித்து எதை அடிக்கலாம் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும்.

தமிழ் நூல் என்றால் பதிப்பகத்தின் பெயர் கட்டாயம் வேண்டும். நாட்டுடைமையான, அதாவது அரசு பொதுச்சொத்தாக்கிய எழுத்தாளர்களின் நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால், ஒரே தொகுப்பு பழைய பதிப்புகளோடு ஒப்பிட்டுத் திருத்தமாகச் செய்த பதிப்பாகவும் கிடைக்கும், பிழை மலிந்த பதிப்பாகவும் கிடைக்கும். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரும் வேண்டும். டால்ஸ்டாயின் பெருநாவலை டி.எஸ்.சொக்கலிங்கத்தின் தமிழில் படிக்க நினைப்பவர் ‘போரும் அமைதியும்’ என்று தேடிக்கொண்டிருந்தால் தவறவிடுவார், அவருடைய தலைப்பு ‘போரும் வாழ்வும்’.

அப்புறம், எல்லா நூலும் நமக்காகக் காத்திருக்காது. செவ்வியல் நூல்கள் காத்திருக்கும். நாட்டுடைமையானவற்றில் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஈழத்து நூல்கள் என்றால் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே உள்ள இணையதளத்தில் முதலில் தேடுங்கள். ஆனால் சிறு பதிப்பகங்கள் இன்று சில நூறு பிரதிகள்தான் அச்சிடுகின்றன. அவை தீர்ந்தால் மறுபதிப்பு வரும் என்று உறுதி கிடையாது. உங்கள் 400இல் அப்படிப்பட்டவை எவை என்று பார்த்து ஒரு குறி போடுங்கள். பணம் செலவழிக்க வேண்டியது அவற்றுக்குத்தான். சென்னைப் புத்தகக் காட்சிக்கோ உங்கள் மாவட்டக் காட்சிக்கோ போகும்போது அந்தக் குறியிட்ட பெயர்களை மட்டும் எடுத்துப் போனால் போதும். மற்றவற்றை நூலகத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே தீர்ந்துபோனவற்றுக்குச் சென்னையில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி அங்கே வந்து சேர வேண்டும். எல்லாப் பதிப்பாளர்களும் அனுப்புவதில்லை, ஆனாலும் நம்பித் தேடலாம். பழைய இதழ்களும் அரிய பதிப்புகளும் வேண்டுமென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களிலிருந்து எழுந்த இடம் அது, ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

செயலி கேட்டிருந்தீர்கள். ஆங்கில நூல்களுக்கு, வாசகர்கள் பட்டியல் போட்டு வைக்கும் குட்ரீட்ஸ் தளம் நன்றாகவே உதவும். தமிழ் நூல்கள் அங்கே சில தமிழ் எழுத்திலும் சில ஆங்கில எழுத்திலுமாகப் பதிவாகியிருக்கும், அந்த ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு விதமாகவும் தேட வேண்டும். பதிப்பகம், காரணம், காத்திருக்குமா என்ற குறி இவற்றுக்கெல்லாம் நீங்கள் ஏற்கெனவே எழுதிய நோட்டு போதும், கைபேசியிலேயே வேண்டுமென்றால் கூகுள் ஷீட்ஸ்.

இப்போது அந்த 400ஐ ஒருமுறை வாசித்துப் போங்கள். காரணம் எழுத வராத பெயர்களைக் கூசாமல் அடித்துவிடுங்கள். அவற்றில் உங்களுக்கு வேண்டிய நூல் இருந்தால், வேறு யாராவது அதைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும், அப்போது காரணத்தோடு எழுதிக்கொள்ளலாம். மிச்சமிருப்பதில் ஐந்தை எழுதிக்கொண்டு தருமபுரி மாவட்ட மைய நூலகத்துக்குப் போங்கள். எவை கிடைத்தன என்று எழுதுங்கள்.