பழைய போட் எஞ்சினைச் சூடேறும் முன்னும் பாருங்கள், சூடேறிய பின்னும் பாருங்கள்

வாழைச்சேனையில் 32 அடிப் பழைய போட் ஒன்றை விலை பேசியிருப்பதாகவும், டீசல் எஞ்சின் ஒரே செல்பில் ஸ்டார்ட் எடுப்பதாகவும், வேறென்ன பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சூடாக இருந்தால் தேய்ந்த எஞ்சினும் பெரும்பாலும் ஒரே செல்பில் எடுத்துவிடும். விடியப்புறம் போங்கள், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினின் புகை வெளியேறும் இரும்புக் குழாய்த் தொகுதியான மெனிபோல்டில் கை வையுங்கள். சூடிருந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள்.

ஸ்டார்ட் பண்ணுமுன் ஒயில் கம்பியை இழுங்கள். பால்தேத்தண்ணி நிறமென்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. பளிச்சென்ற புது ஒயில் என்றால் ஏன் இப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். கியர் பொக்ஸ் ஒயிலையும் பாருங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கடல்தண்ணீரால் எஞ்சினைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் சிங்க் கட்டை (குழாய்களுக்குப் பதிலாகத் தான் கரைவதற்கு வைக்கும் நாகத் துண்டு) இருந்தால் கழற்றிப் பாருங்கள். அது முழுதாகக் கரைந்து கிடந்தால், உப்புத்தண்ணீர் உள்ளே குழாய்களைத் தின்னத் தொடங்கியிருக்கலாம்.

ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து சில நிமிடத்தில் அடங்கினால் பயமில்லை. அடங்காமல், புகைக்குழாயடித் தண்ணீரில் டீசல் படலம் மிதந்தால் இன்ஜெக்டர் (டீசல் பீச்சும் பாகம்) அல்லது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம்) கோளாறு. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது.

உண்மை தெரிவது கடலில்தான். எஞ்சின் தகட்டில் உள்ள உச்ச ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை) குறித்துக்கொள்ளுங்கள். அதில் 80 வீதத்தில் அரை மணி நேரம் ஓடி, பிறகு பத்து நிமிடம் முழு வேகம். 2600 போட்டிருக்கிற எஞ்சின் 2300க்கு மேல் ஏறாமல் கறுப்பாகப் புகைத்தால், அடியில் பாசி சிப்பி பிடித்திருக்கலாம், புரொப்பலர் பெரிதாக இருக்கலாம், எஞ்சினே தளர்ந்திருக்கலாம். புரொப்பலர்தான் காரணம் என்றாலும் நிம்மதி வேண்டாம். வருடக்கணக்காக அளவுக்கு மீறிய பாரம் இழுத்த எஞ்சின் அது. வெப்பம் ஓரிடத்தில் நிற்க வேண்டும், மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகக் கூடாது.

அந்தச் சூட்டோடு ஸ்லோவில் விட்டு ஒயில் பிரஷர் பாருங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் 1 பார் (bar, அழுத்த அளவு) என்பதற்குக் கீழே இறங்கினால் பெயாரிங் தேய்மானத்தைச் சந்தேகியுங்கள். ஒயில் மூடியைத் திறந்தால் புகை விட்டுவிட்டுத் தள்ளுகிறதா? பிஸ்டன் ரிங் போயிருக்கலாம்.

"இங்கே யார் இவ்வளவுக்கு விடுவார்கள்" என்று சிலர் எழுதுவார்கள். டீசல் காசை நீங்கள் கொடுங்கள். அதற்கும் மறுத்தால் அந்தப் போட்டை விடுங்கள். இதையெல்லாம் நீங்களே பார்க்கச் சொல்வதால் மெக்கானிக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்ப்ரஷன் கேஜ் உள்ளவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். சிலிண்டர்களுக்கிடையில் கம்ப்ரஷனில் 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

மாரியில் மாதக்கணக்காகக் கரையில் கிடந்த போட் என்றால் எக்ஸோஸ்ட் எல்போவை, அதாவது புகையோடு கடல்தண்ணீர் கலந்து வெளியேறும் வளைந்த குழாயை, கழற்றச் சொல்லுங்கள். அது உள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கடல்தண்ணீர் சிலிண்டருக்கே போய்விடும்.

இன்னொன்று, கேட்காததையும் சொல்கிறேன். அம்பாறை மாவட்டத்து ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்தது, அதன் வாயை மண் மூடுவது இன்னும் தீராத வேதனை. முகத்துவாரங்களிலும் இதே கதை. ஆழமில்லாத இடத்தைக் கடக்கும்போதெல்லாம் கடல்தண்ணீர் பம்ப் மணலை உறிஞ்சுகிறது, அந்தச் செலவு கடற்தொழிலாளி தலையில்தான் விழுகிறது. ஆகவே அம்பாறைப் பக்கத்துப் போட் எதுவானாலும் அந்தப் பம்பின் மூடியைக் கழற்றி உட்பக்கத்தை நகத்தால் தடவுங்கள். கோடு கோடாகப் பள்ளம் தட்டுப்பட்டால் பம்ப் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.